நீச்சல் குளத்தில் நீர்மட்டத்தை ஒட்டித் தனியாகத் தெரியும் ஒட்டு: சரிசெய்யும் முழு வழிகாட்டி

கன்னியாகுமரி, முட்டம், தேங்காப்பட்டணம் பக்கத்துத் தங்கும் விடுதிகளிலும், வெளிநாட்டில் சம்பாதித்துக் கட்டிய வீடுகளிலும் உள்ள நீச்சல் குளங்களில் ஒரே குறை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. தண்ணீர் தொடும் கோட்டுக்கு அருகே பூச்சு உதிர்ந்திருக்கும். யாரோ ஒட்டுப் போட்டிருப்பார்கள். அந்த ஒட்டு மட்டும் வெள்ளைவெளேரென்றோ மஞ்சள் அடித்தோ தனியாக நிற்கும். "காஞ்சா ஒண்ணாயிடும் சாரே" என்று சொல்லிவிட்டுக் கொத்தனார் போயிருப்பார். அது ஒருநாளும் ஒன்றாகாது.

பல வருடம் தண்ணீரிலும் குளோரினிலும் ஊறிய பூச்சோடு புதுப் பூச்சு முழுதாக நிறம் சேராது. அதனால் இந்த வேலையில் பாதி, புதுசும் பழசும் சந்திக்கும் கோடு எங்கே விழ வேண்டும் என்று தீர்மானிப்பதில் இருக்கிறது. மீதிப் பாதிதான் கலவையும் கரண்டியும். புதிதாக இறங்குபவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

கீழே சொல்வது வெள்ளை சிமெண்ட் பூச்சு உள்ள கான்கிரீட் குளத்துக்கும், நீர்மட்டத்தில் டைல்ஸ் பட்டை ஓடும் குளத்துக்கும் பொருந்தும். ஃபைபர் குளத்துக்கும் வினைல் விரிப்புக் குளத்துக்கும் முறை வேறு.

1. அது ஒட்டா, கறையா என்று முதலில் பாருங்கள்

நிறம் மாறித் தெரிவதெல்லாம் பூச்சுக் கோளாறு இல்லை. உடைக்க வேண்டிய அவசியமே இல்லாத இடத்தை உடைத்துவிட்டு, பிறகு உண்மையிலேயே ஒரு ஒட்டை உருவாக்கி வைப்பவர்கள் உண்டு.

நம் ஊரில் முதல் சந்தேகம் தேங்காய் எண்ணெய் மேல்தான். எண்ணெய் தேய்த்த தலையோடு குளத்தில் இறங்கினால், எண்ணெய் மிதந்து போய் நீர்மட்டக் கோட்டில் ஒட்டி, தூசியையும் பிடித்துக்கொண்டு பழுப்பு வளையமாகிவிடும். சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்து ஈரத் துணியால் தேய்த்தால் இது போகும். பாத்திரம் துலக்கும் சோப்பு வேண்டாம். அப்புறம் பம்பைப் போட்டால் குளம் முழுக்க நுரை.

அடுத்தது சுண்ணாம்புப் படிவம். கடின நீர் ஆவியாகும்போது கோட்டில் வெள்ளையாகப் படியும். டைல்ஸ் மேல் என்றால், கொஞ்சம் சுரண்டி எடுத்து ஒரு தட்டில் வைத்து வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. சிமெண்ட் பூச்சில் இந்தச் சோதனையை நம்பாதீர்கள், பூச்சே நுரைக்கும். அங்கே 400 நம்பர் நீர்த்தாளை (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) நனைத்து, ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மெதுவாகத் தேயுங்கள். உள்ளே பக்கத்துப் பூச்சின் நிறம் வெளிவந்தால், மேலே இருந்தது படிவம் மட்டுமே.

மூன்றாவது இரும்புக் கறை. கல்குளம், விளவங்கோடு பக்கம் செம்மண் நிலத்துக் கிணற்றிலும் போர்வெல்லிலும் இரும்பு கலந்த தண்ணீர் வருவதுண்டு. அதைக் குளத்தில் விட்டுக் குளோரின் போட்டால் இரும்பு பிரிந்து சுவரில் பழுப்பாகப் படியும். வைட்டமின் சி மாத்திரை ஒன்றைக் கறை மேல் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அந்த இடம் வெளுத்தால் இரும்புதான்.

மூன்றும் இல்லை என்றால்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

2. ஏன் உதிர்ந்தது என்று தெரியாமல் பூசாதீர்கள்

சுத்தியலின் மரப்பிடியால் ஒட்டைச் சுற்றி ஒரு கை தூரம் வரை தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடத்தில் 'டக்' என்று கேட்கும். விட்டுப்போன இடத்தில் பொள்ளலாக ஒலிக்கும். பொள்ளலான இடம் முழுவதையும் வண்ணச் சாக்கட்டியால் வளைத்துக் குறியுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒட்டைவிட இந்த வளையம் பெரும்பாலும் பெரிதாகவே இருக்கும்.

இனி குளத்தின் மேல் விளிம்பைப் பாருங்கள். ஓரக்கல்லுக்கும் அதைச் சுற்றியுள்ள தளத்துக்கும் நடுவே ரப்பர் போல் அமுங்கும் சீலன்ட் இருக்க வேண்டும். அங்கே சிமெண்டை வைத்து அடைத்திருந்தால், வெயிலில் விரியும் தளம் ஓரக்கல்லைக் குளத்துப் பக்கம் தள்ளும். அந்தத் தள்ளல் முதலில் உடைப்பது நீர்மட்டத்துப் பூச்சையும் டைல்ஸையும்தான். இதைச் சரிசெய்யாமல் எத்தனை முறை பூசினாலும் அதே இடத்தில் உதிரும்.

பூச்சின் நடுவே செம்பழுப்புப் பொட்டும் அதைச் சுற்றி மெல்லிய வெடிப்பும் இருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது. கடற்கரையை ஒட்டிய குளங்களில் இது அபூர்வம் இல்லை. துருப்பிடித்த கம்பி உப்பிக் கான்கிரீட்டைப் பிளக்கும். இது பூச்சு வேலையில் அடங்காது, கட்டிடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

கசிவு சந்தேகம் இருந்தால் வாளிச் சோதனை போதும். ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி, குளத்துப் படியில் வாளி பாதி முங்கும்படி வையுங்கள். வாளிக்குள் தண்ணீர் நிற்கும் மட்டத்தையும் வெளியே குளத்து மட்டத்தையும் வாளியிலேயே குறித்து, பம்பை நிறுத்தி ஒரு நாள் விடுங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் ஆவியானது. வெளியே அதிகம் இறங்கினால் கசிவு. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடிக்கும் மாதங்களில் ஆவியாவதே ரொம்ப அதிகம். அதைக் கசிவென்று நினைத்துச் சுவரை உடைக்காதீர்கள்.

3. எல்லைக் கோட்டைத் தீர்மானியுங்கள்

ஒட்டு ஏன் கண்ணை உறுத்துகிறது? நிறத்தைவிட அதன் வடிவத்தால். நட்டநடுச் சுவரில் மேகம் போல் வளைந்து நெளிந்து நிற்கும் ஒரு வெள்ளைத் திட்டு எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். அதே நிற வித்தியாசம் ஒரு மூலையிலோ நேர்க்கோட்டிலோ முடிந்தால், அது அப்படியே கட்டப்பட்டது போல் இருக்கும்.

வழிகள் மூன்று.

ஒட்டு ஒரு உள்ளங்கை அளவுதான், தண்ணீருக்குக் கீழே இருக்கிறது என்றால் சதுரமாக வெட்டி அங்கேயே பூசலாம். நிறத்தை எவ்வளவு நெருக்கமாகக் கொண்டுவர முடியுமோ கொண்டுவாருங்கள். தண்ணீரின் அசைவு மீதியை மறைக்கும்.

ஒட்டு ஒரே சுவரில் ஒன்றிரண்டு இடத்தில் இருந்தால், அந்தச் சுவரில் மட்டும் மூலை முதல் மூலை வரை ஒரே உயரத்தில் ஒரு பட்டையை வெட்டியெடுத்துப் புதிதாகப் பூசுங்கள். மூலையில் இரண்டு சுவர்களும் வெவ்வேறு கோணத்தில் வெளிச்சம் வாங்குவதால் நிற வித்தியாசம் அங்கே தெரியாது.

ஒட்டுகள் பல சுவர்களில் சிதறியிருந்தால் நிறம் சேர்க்கும் ஆசையையே விட்டுவிடுங்கள். குளத்தைச் சுற்றி நீர்மட்டத்தில் 15 சென்டிமீட்டர் அகலத்துக்கு டைல்ஸ் பட்டை ஓட்டிவிடுங்கள். என் கணக்கில் செலவுக்கு ஏற்ற பலன் தருவது இதுதான். எண்ணெய் வளையமும் சுண்ணாம்பும் பூச்சில் ஏறுவதைவிட டைல்ஸில் ஏறினால் துடைப்பது லேசு.

புதியவர்கள் எப்போதும் முதல் வழியைத்தான் எடுக்கிறார்கள், குறைந்த செலவு என்பதால். அடுத்த வருடம் பக்கத்தில் இன்னொரு திட்டு, அதற்கடுத்து இன்னொன்று. சுவர் பழந்துணியில் ஒட்டுத் தைத்தது மாதிரி ஆன பிறகு மூன்றாவது வழிக்கு வருவார்கள்.

4. காலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்

நம் மாவட்டத்துக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என்று இரண்டும் உண்டு. மழைக்காலத்தில் பூச்சு நனைவது சின்னப் பிரச்சினை. நிலத்தடி நீர் ஏறியிருப்பதுதான் பெரிய பிரச்சினை. தண்ணீர் இறக்கிய குளத்தைச் சுற்றியுள்ள ஊற்று கீழிருந்து தள்ளும். காலிக் குளம் மொத்தமாக மேலெழும்பி வெடிப்பதும் நடக்கும். கடற்கரை மணலிலும் வயலை ஒட்டிய மனைகளிலும் இந்த ஆபத்து அதிகம்.

ஜனவரி முதல் மார்ச் வரை தோதான காலம். ஏப்ரல், மே மாதங்களில் வேலை செய்யலாம். ஆனால் பூச்சு சீக்கிரம் காய்ந்து வெடிக்கும், கோடை மழையும் சொல்லாமல் வரும்.

5. மாதிரி போடாமல் நிறத்தைத் தீர்மானிக்காதீர்கள்

கையில் கரண்டி எடுப்பதற்கு இரண்டு வாரம் முன்பே செய்ய வேண்டிய வேலை இது. எல்லோரும் தவிர்ப்பதும் இதைத்தான்.

பூச்சு ஈரமாக இருக்கும்போது ஒரு நிறம், காய்ந்தால் வேறு, தண்ணீருக்குள் இன்னொன்று. சட்டியில் கலக்கும்போது நிறம் பார்த்துச் சரி என்று பூசினால் அது குருட்டு யோகம்தான்.

உடைந்த டைல்ஸ் துண்டுகள் ஆறேழு எடுத்து, அவற்றின் பின்பக்கத்தில் விரல் தடிமனுக்கு வெவ்வேறு கலவை பூசுங்கள். அடிப்படைக் கலவை: வெள்ளை சிமெண்ட் 1 பங்கு, வெள்ளை மார்பிள் தூளும் பொடிச் சிப்ஸும் சேர்ந்து ஒன்றரை முதல் 2 பங்கு. பழைய சுவர் சாம்பல் பக்கம் சாய்ந்திருந்தால் சாதாரண சிமெண்டைத் துளித்துளியாகக் கூட்டுங்கள். மஞ்சளோ நீலமோ தேவைப்பட்டால் சிமெண்டுக்கு உரிய ஆக்சைடு நிறமி. அது சிமெண்ட் எடையில் 5 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம், தாண்டினால் பூச்சின் பலம் குறையும். எல்லாவற்றையும் சமையல் தராசில் கிராம் கணக்கில் நிறுத்து, துண்டின் முன்பக்கத்தில் அழியாத பேனாவால் எழுதிவையுங்கள். கைப்பிடி அளவில் போட்ட கலவையை இரண்டாவது முறை கொண்டுவரவே முடியாது.

தண்ணீரின் அளவும் நிறத்தை மாற்றும். தண்ணீர் கூடினால் காய்ந்த பிறகு வெளிறும், குறைந்தால் அடர்த்தியாகும். ஆகவே தண்ணீரையும் நிறுத்து ஊற்றுங்கள்.

மாதிரிகளை ஒரு நாள் ஈரச்சாக்கில் வைத்துவிட்டு, ஒரு வாரம் குளத்துத் தண்ணீரிலேயே போட்டுவையுங்கள். பிறகு காலை, நடுப்பகல், சாயங்காலம் என மூன்று வேளையும் தண்ணீருக்குள் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். இரண்டு மாதிரிகளுக்கு நடுவே குழப்பம் வந்தால் கொஞ்சம் அடர்ந்ததை எடுங்கள். சுற்றிலும் மங்கிய சுவரில் அடர்ந்த திட்டைவிட வெளுத்த திட்டுதான் சட்டென்று கண்ணில் குத்தும்.

6. பொருட்கள்: வாங்குவதும் தவிர்ப்பதும்

வெள்ளை சிமெண்ட் என்று கேட்டால் சில கடைகளில் வால் புட்டியை எடுத்துத் தருவார்கள். மூட்டையைப் படித்துப் பாருங்கள். புட்டி சுவருக்குப் பெயின்ட் அடிப்பதற்கு முன் பூசுவது. தண்ணீருக்குள் நாளடைவில் இளகிவிடும். மங்கிப்போய் நகத்தால் சுரண்டினால் வரும் ஒட்டுகளில் பல புட்டியால் போட்டவை.

மணல் சேர்க்க வேண்டியிருந்தால் கடல் மணல் கூடவே கூடாது, உப்பு உள்ளே போகும். அதோடு மணவாளக்குறிச்சிக் கரை மணலில் இல்மனைட் போன்ற கறுப்புக் கனிமங்கள் கலந்திருக்கும். அந்தப் பக்கத்து மணல் வெள்ளைப் பூச்சில் விழுந்தால் கறுப்புப் புள்ளி புள்ளியாகத் தெரியும். அடிப்பூச்சுக்குக் கழுவிய எம்-சாண்ட், மேல்பூச்சுக்கு மார்பிள் தூள் மட்டும்.

கலக்கும் தண்ணீர் குடிநீர்தான். உவர்க் கிணறும் வேண்டாம், இரும்பு வாடை அடிக்கும் போர்வெல்லும் வேண்டாம்.

பழசும் புதுசும் பிடிப்பதற்கு எஸ்.பி.ஆர். லேட்டெக்ஸ் பால் (சிமெண்டோடு கலந்து தடவும் பிடிப்புத் திரவம்) ஒரு கேன். கரண்டி எவர்சில்வராகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும். சாதாரண இரும்புக் கரண்டி வெள்ளைப் பூச்சில் கறுப்பு இழுவை போடும். இவை தவிர ரசமட்டம், உளி, பேட்டரி கிரைண்டர், சாக்கு, தராசு, ரப்பர் கையுறை, கண்ணாடி, தூசி முகமூடி.

பூச்சு சீக்கிரம் இறுகும் என்று கால்சியம் குளோரைடு கலந்த மருந்தைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். வெள்ளைப் பூச்சில் அது திட்டுத் திட்டாக நிறம் மாற்றும். வாங்க வேண்டாம்.

7. தண்ணீரை இறக்குவதற்கு முன் மட்டம் குறியுங்கள்

அசையாத தண்ணீரைவிடச் சரியான ரசமட்டம் எந்தக் கடையிலும் கிடைக்காது. விடியற்காலையில், காற்று எழும்பும் முன், பம்பை நிறுத்திவிட்டுக் குளத்தைச் சுற்றித் தண்ணீர் சுவரைத் தொடும் கோட்டை இரண்டு முழத்துக்கு ஒரு குறி வீதம் போட்டுக்கொள்ளுங்கள். பட்டையின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் இந்தக் குறியிலிருந்து அளக்க வேண்டும், ஓரக்கல்லிலிருந்து அளக்கக் கூடாது. ஓரக்கல் பெரும்பாலும் மட்டத்தில் இருக்காது. அதைப் பார்த்துப் பட்டை ஓட்டினால் தண்ணீர் நிரம்பியதும் ஒரு பக்கம் பட்டை முங்கியும் மறுபக்கம் தூக்கியும் நிற்கும்.

இந்த வேலையைத் தண்ணீர் இறக்கிய பிறகு நினைத்துப் பார்ப்பவர்கள் டியூப் லெவலைத் தூக்கிக்கொண்டு அரை நாள் அலைவார்கள்.

8. தண்ணீரை இறக்குதல்

நாலைந்து நாள் முன்பே குளோரின் போடுவதை நிறுத்துங்கள், வெயிலே அதைக் குறைத்துவிடும். சோதனைப் பட்டையில் குளோரின் இல்லை என்று தெரிந்த பிறகு வெளியேற்றுங்கள். குளோரின் தண்ணீர் ஊர்க் குளத்திலோ வாய்க்காலிலோ கலந்தால் மீன் சாகும்.

வடிகட்டியின் வால்வை வெளியேற்றும் நிலைக்குத் திருப்பி, வேலை செய்யும் இடத்துக்குக் கீழே ஒன்றரை அடி வரை இறக்கினால் போதும். தண்ணீர் ஸ்கிம்மருக்கு (மிதக்கும் குப்பையை இழுக்கும் சுவர் வாய்) கீழே போவதற்கு முன் ஸ்கிம்மர் வால்வை அடைத்து, குளத்தின் அடியில் உள்ள வடிகாலிலிருந்து மட்டும் இழுங்கள். இல்லாவிட்டால் பம்பு காற்றை உறிஞ்சிச் சூடாகும்.

முழுதாக வடிக்காதீர்கள். உள்ளே நிற்கும் தண்ணீரின் எடைதான் குளத்தைக் கீழே பிடித்து வைத்திருக்கிறது. 'ஒரேயடியாகக் காலி செய்து கழுவிவிடுவோமே' என்று வீட்டில் சொல்வார்கள். அதற்கு இது நேரம் இல்லை.

இறக்கி முடித்ததும் பம்பு, தண்ணீருக்கடி விளக்கு இரண்டுக்கும் மெயினை அணையுங்கள்.

9. வெட்டியெடுத்தல்

தண்ணீரில் நின்றுகொண்டு ஒயர் கிரைண்டரைப் பிடிக்கவே கூடாது. ஈ.எல்.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் கருவி) இருக்கிறதே என்ற தைரியமும் வேண்டாம். பேட்டரி கிரைண்டர், அல்லது கை உளி. ஆழமான பக்கத்தில் இரும்பு ஸ்டூலின் கால்களுக்குச் சாக்கு சுற்றி வைத்து, அதன் மேல் நின்று வேலை செய்யலாம். நீந்தத் தெரியாத கையாளை அங்கே ஏற்றாதீர்கள்.

குறித்த கோட்டில் நேராக 10 முதல் 12 மில்லிமீட்டர் ஆழத்துக்கு அறுத்துக்கொண்டு, உள்ளே இருப்பதை உளியால் கொத்தி எடுங்கள். ஓரம் செங்குத்தாக இருக்க வேண்டும். அல்லது அதன் அடிப்பக்கம் பழைய பூச்சுக்குள் லேசாகச் சரிய வேண்டும். புதுப் பூச்சைப் பழைய பூச்சின் மேல் காகிதம் போல் இழுத்து முடிப்பது புதியவர்களின் பழக்கம். பார்க்க வழவழப்பாக இருக்கும், ஆனால் அந்த மெல்லிய ஓரம்தான் முதலில் உதிரும். ஓரம் எங்கும் குறைந்தது 10 மில்லிமீட்டர் கனம் வேண்டும்.

கொத்தி முடித்ததும் கெட்டியான கான்கிரீட் தெரிய வேண்டும். மறுபடியும் தட்டிப் பாருங்கள். பொள்ளல் இன்னும் கேட்டால் கோட்டைத் தள்ளிப் போடுங்கள். கம்பி பிரஷால் தேய்த்து, தூசி போகக் கழுவுங்கள். ஆசிட் ஊற்றிச் சுத்தம் செய்யும் பழக்கம் உண்டு. நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை. சுற்றியிருக்கும் நல்ல பூச்சையும் அது அரிக்கும். செய்தே தீருவேன் என்பவர்கள் தண்ணீரில் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. பக்கத்தில் குளோரின் டப்பா இருக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் விஷவாயு.

10. பூசுதல்

சுவரை எப்போது பூசுவது என்பதை வெயிலை வைத்து முடிவு செய்யுங்கள். கிழக்குச் சுவரின் உள்முகம் காலையில் நிழலில் இருக்கும், அதைக் காலையில் பூசுங்கள். மேற்குச் சுவரைப் பிற்பகலில். நேர் வெயிலில் பூசினால் மேல்தோல் மட்டும் இறுகி மயிரிழை வெடிப்பு விழும். காற்று அடித்தாலும் அதேதான், ஒரு தார்ப்பாயை மறைப்பாகக் கட்டுங்கள்.

வெட்டிய இடத்தை முந்தின இரவே நனைத்து, பூசும் நேரத்தில் ஈரமாகவும் ஆனால் தண்ணீர் மினுங்காமலும் வைத்துக்கொள்ளுங்கள். வறண்ட கான்கிரீட் கலவையின் தண்ணீரைக் குடித்துவிடும். மினுங்கும் தண்ணீரோ பிடிப்பைக் கெடுக்கும்.

லேட்டெக்ஸும் வெள்ளை சிமெண்டும் சமமாகக் கலந்த பாலைப் பிரஷால் தேயுங்கள், ஓரங்களின் செங்குத்து முகத்தையும் விடாமல். தொட்டால் விரலில் பிசுக்கென்று ஒட்டும் பதத்தில் பூச்சை வைக்க வேண்டும். பால் காய்ந்து படலமாகிவிட்டால் பிடிப்புக்குப் பதில் வழுக்கலாகிவிடும். அப்படியானால் சுரண்டிவிட்டு மறுபடி தடவுங்கள். ஆகவே ஒரு நேரத்தில் பூச முடிகிற நீளத்துக்கு மட்டும் தடவுங்கள்.

பள்ளம் ஆழமாக இருந்தால் முதலில் எம்-சாண்ட் கலவையால் அடிப்பூச்சு. அது இறுகியதும் மாதிரியில் தேர்ந்த கலவை. மேல்பூச்சுக்கு வேண்டிய தூள் முழுவதையும் ஒரே தடவையில் உலர்வாகக் கலந்து வையுங்கள். அதிலிருந்து அவ்வப்போது எடுத்துத் தண்ணீர் சேர்த்தால், ஒரு சுவரிலேயே இரண்டு நிறம் வராது.

ஓரத்திலிருந்து நடுவை நோக்கி அழுத்தி வையுங்கள். பழைய பூச்சின் மட்டத்துக்கு மட்டப்பலகையால் இழுத்து, கொஞ்சம் இறுகியதும் கரண்டியால் தேயுங்கள். இங்கேதான் அளவு வேண்டும். பளபளப்பு வரட்டும் என்று தேய்த்துக்கொண்டே இருந்தால் பூச்சு கறுத்துப்போகும், அதைப் பிறகு எடுக்க முடியாது. பழைய சுவர் சொரசொரப்பாக இருந்தால், கடைசியில் ஈர ஸ்பாஞ்சால் லேசாகத் தடவிப் புதியதையும் சொரசொரப்பாக்குங்கள். நிறம் ஒன்றாக இருந்தும் பளபளப்பு வேறுபட்டால் ஒட்டு தெரியும்.

சில மணி நேரம் கழித்து ஈரச்சாக்கைத் தொங்கவிடுங்கள். சாக்கு புதிதாகச் சாயம் போகிறதாக இருக்கக் கூடாது, எழுத்து அச்சடித்த சாக்கும் வேண்டாம். ஏழு நாள் காயவிடாமல் நனையுங்கள்.

11. டைல்ஸ் பட்டை என்றால்

பழைய பட்டையில் சில டைல்ஸ் மட்டும் மாற்றுவதாக இருந்தால், வீட்டில் மிச்சம் இருக்கும் பெட்டியைத் தேடுங்கள். பெட்டியில் ஷேடு எண் அச்சடித்திருக்கும். அதே பெயர், அதே அளவு, ஆனால் வேறு ஷேடு எண் என்றால் நிறம் சேராது. நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைகளில் விசாரித்தும் அதே எண் கிடைக்காவிட்டால் அலைய வேண்டாம். மூலை முதல் மூலை வரை முழு நீளத்தையும் மாற்றுங்கள், அல்லது ஒவ்வொரு சுவரின் நடுவிலும் வேண்டுமென்றே மாறுபட்ட நிறத்தில் ஒரு கட்டம் வையுங்கள்.

டைல்ஸ் ஒன்றாகவே இருந்தும் நிறம் வேறாகத் தெரிவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, கண்ணாடி மொசைக். அது ஒளி ஊடுருவுவது. பின்னால் சாம்பல் நிற ஒட்டுக்கலவை வைத்தால் கறுத்துத் தெரியும். வெள்ளை ஒட்டுக்கலவைதான் வைக்க வேண்டும். பல்கரண்டி இழுத்த வரிகளையும் தட்டையாக்கிவிட வேண்டும், வரி வரியாகக் கண்ணாடி வழியே தெரியும். இரண்டு, இடுக்கை அடைக்கும் கிரவுட். டைல்ஸைக் குறை சொல்லிப் பிடுங்குவதற்கு முன் கிரவுட்டைப் பாருங்கள். பழையது அரித்துக் கறுத்திருக்கும், புதியது பளிச்சென்று இருக்கும். டைல்ஸைத் தொடாமல், சுவர் முழுக்க இடுக்கில் மூன்றில் இரண்டு பங்கு ஆழம் சுரண்டி ஒரே கிரவுட் போட்டாலே பட்டை ஒன்றாகிவிடும்.

நீர்மட்டத்தில் சிமெண்ட் கிரவுட்டைவிட எபாக்சி நிற்கும். எபாக்சிப் பெட்டியைப் பாதியாகப் பிரித்துக் கலக்காதீர்கள். பிசினும் இறுக்கியும் விகிதம் தவறினால் கடைசி வரை பிசுபிசுக்கும். நம் ஊர் வெக்கையில் சீக்கிரம் இறுகும் என்பதால் ஒரு மீட்டர் நீளம் அடைத்து, உடனே துடைத்து, பிறகு அடுத்த மீட்டருக்குப் போங்கள். மறுநாள் துடைத்துக்கொள்ளலாம் என்று விட்ட எபாக்சிப் படலத்தைப் பிறகு பிளேடால் சுரண்ட வேண்டிவரும்.

ஒட்டுக்கலவை வாங்கும்போது மூட்டையில் நீச்சல் குளத்துக்கு உரியது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு டைலின் பின்பக்கமும் முழுதாகக் கலவை நிரம்ப வேண்டும். நாலு மூலையிலும் உருண்டை வைத்து ஒட்டினால் நடுவில் தண்ணீர் தேங்கி, டைல்ஸ் கழன்றுவிடும்.

12. ஓரக்கல் இடைவெளி

இரண்டாவது படியில் சிமெண்ட் அடைப்பைக் கண்டிருந்தால், அதைக் கொத்தி எடுத்து, இடைவெளியில் ஃபோம் கயிறு திணித்து, அதன் மேல் பாலியூரித்தேன் சீலன்ட் இழுங்கள். இடைவெளி முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். கயிறு எதற்கு என்றால், சீலன்ட் இரு பக்கச் சுவரில் மட்டும் ஒட்டி, அடியில் ஒட்டாமல் இருந்தால்தான் இழுபட்டுச் சுருங்கும்.

13. தண்ணீர் ஏற்றுதலும் முதல் மாதமும்

பூச்சுக்கும் எபாக்சிக்கும் ஏழு நாள் கழித்து ஏற்றுங்கள். குழாய் முனையில் துணி கட்டி, ஒட்டு இல்லாத பக்கம் அடியில் விடுங்கள். புதுப் பட்டையைத் தண்ணீர் தொட ஆரம்பித்தால் மேல்மட்டம் வரை நிறுத்தாதீர்கள். பாதியில் நின்றால் அந்த மட்டத்தில் ஒரு வளையம் விழும். கரண்ட் போய் மோட்டார் நிற்கும் ஊரில் இது அடிக்கடி நடக்கிறது. டேங்கர் லாரிக்குச் சொல்லி வைப்பது நல்லது. லாரித் தண்ணீரில் இரும்பு இருக்கிறதா என்று முதலில் ஒரு வெள்ளை வாளியில் பிடித்து, கொஞ்சம் குளோரின் போட்டுப் பாருங்கள். பழுப்பேறினால் திருப்பி அனுப்புங்கள்.

புது சிமெண்ட் சுண்ணாம்பை வெளியே விடும், அதனால் பி.எச். தினமும் ஏறப் பார்க்கும். முதல் இரண்டு வாரம் தினமும் அளந்து 7.2 முதல் 7.8க்குள் வையுங்கள். காரத்தன்மை 80 முதல் 120 பி.பி.எம்., கால்சியம் கடினம் 200 முதல் 400 பி.பி.எம். கடினம் ரொம்பக் குறைந்த தண்ணீர் தனக்கு வேண்டிய சுண்ணாம்பைப் புதுப் பூச்சிலிருந்தே கரைத்து எடுத்துக்கொள்ளும்.

பட்டையை நைலான் பிரஷால் தினமும் தேயுங்கள். மேலே வரும் வெள்ளைத் தூள் சுண்ணாம்பு. விட்டுவைத்தால் படிவமாகி மறுபடி நிற வித்தியாசம். குளோரினைக் குளத்தில் நேரடியாகத் தூவாமல் வாளியில் கரைத்து ஊற்றுங்கள். ஸ்கிம்மர் கூடையில் மாத்திரை போட வேண்டாம். உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் கருவி இருந்தால் ஒரு மாதம் அணைத்தே இருக்கட்டும்.

மாதம் முடிந்த பிறகுதான் நிறத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதற்கு முன் வீட்டுக்காரர் வந்து பார்த்து 'இன்னும் தெரியுதே' என்றால், தெரியத்தான் செய்யும் என்று சொல்லிவிடுங்கள். மாதம் கழித்தும் புதியது கொஞ்சம் வெளுப்பாக இருந்தால், அதைத் தொடாமல் பழைய பக்கத்தை நீர்த்தாளால் ஒரு முழம் வரை படிப்படியாகத் தேய்த்து வெளுப்பாக்கலாம். புதியது அடர்த்தியாக இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். எழுதிவைத்த மாதிரித் துண்டுகளையும் மிச்ச டைல்ஸ் பெட்டியையும் பம்பு அறையில் ஒரு சாக்கில் கட்டி வையுங்கள்.